பிரம்பானன் போறீங்களா, கிழக்கு படியில ஏறுங்க

இந்தோனேஷியா ஜாவாவுல யோக்யகர்த்தா பக்கத்துல இருக்கற பிரம்பானன், 9ஆம் நூற்றாண்டு கோயில், போறவங்க நிறைய பேர் 47 மீட்டர் சிவன் கோயில் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு திரும்பிடறாங்க, அதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு. அங்க ராமாயணமே கல்லுல இருக்குங்க!

கிழக்கு படியில ஏறி இடது பக்கம் திரும்புங்க, நம்ம ஊர்ல வலம் வர்ற மாதிரியே தான், சன்னதி வலது கைப்பக்கம் வரணும். சிற்பம் எல்லாம் இடது பக்கம் கைப்பிடிச் சுவரோட உள்பக்கத்துல இருக்கு. முதல்ல பாம்பு மேல விஷ்ணு, பக்கத்துல கருடன், அங்கேருந்து கதை வரிசையா போகும். மாத்தி சுத்தினா கதை தலைகீழாயிடும்.

குரங்குங்க கடல்ல கல்லு போட்டு பாலம் கட்டற இடத்துல நின்னு பொறுமையா பாருங்க, மீனுங்க வாயில கல்லு இருக்கும், எனக்கு ரொம்ப பிடிச்சது அதான். அதோட கதை முடியல, மிச்சம் பக்கத்துல பிரம்மா கோயில்ல இருக்கு, மறக்காம அங்கயும் ஏறுங்க. விஷ்ணு கோயில்ல கிருஷ்ணர் கதை.

காலைலயே போயிடுங்க, சாய்ஞ்ச வெயில்ல தான் செதுக்கினது நல்லா எடுப்பா தெரியும். சுத்தி குவிஞ்சு கிடக்கற கல்லுங்களும் இடிஞ்ச சின்ன கோயில்கள் தான், ஏறி மிதிக்காதீங்க.