குதிகால் நாண் வலியோடு மாரத்தானுக்குத் தயாராவது எப்படி? மதுரையில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கு

சென்னையிலும் மும்பையிலும் பெரிய மாரத்தான்கள் ஜனவரியில் நடக்கின்றன. அதை மனத்தில் வைத்து ஆடி, ஆவணியில் ஓடத் தொடங்குகிறவர்கள் பலருக்குச் சில வாரங்களிலேயே குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கத்தில் வலி பிடித்துக்கொள்கிறது. கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் நாணில் வரும் வலி அது. 42.195 கி.மீ. ஓட ஆசைப்பட்டவருக்கு நடப்பதே சிரமமாகும்போது மனம் உடைந்துபோகும். மனம் தளர வேண்டாம், வழி இருக்கிறது.

இந்த நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அதனால் குணமாக நாளாகும். முழு ஓய்வெடுத்தால் வலி அடங்கும். ஆனால் சும்மா இருந்த நாண் வலுவிழந்துபோவதால் மறுபடி ஓடும்போது அதே இடத்தில் வலி திரும்பும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாலும் நிலைமை மோசமாகும். அளந்து பாரம் கொடுத்து, நாணை மெல்ல மெல்லப் பலப்படுத்துவதுதான் வழி. அளவு சரிதானா என்பதை மறுநாள் காலையில் உங்கள் கால் சொல்லும்.

முதலில்: மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலச் சட்டென்று வலித்து, அதன்பின் நுனிக்காலில் எழும்பி நிற்க முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். அரசு இராசாசி மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு உண்டு. குதிகால் எலும்பை இரு பக்கமும் விரல்களால் அழுத்தும்போது கடுமையாக வலித்தாலும், இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலும் எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சிப்ரோஃப்ளாக்ஸாசின், லெவோஃப்ளாக்ஸாசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் சிலருக்கு நாண்களைப் பாதிக்கும். அண்மையில் காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ மாத்திரை சாப்பிட்டிருந்தால் அந்தச் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி குறையட்டும் என்று நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து. நாண் அறுந்துபோக அது காரணமாகலாம்.

காலையின் முதல் பத்து அடிகள்

ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தைத் தலைமாட்டில் வையுங்கள். எழுந்ததும் கட்டிலிலிருந்து குளியலறை வரை நடக்கும்போது நாண் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று கவனித்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுதுங்கள். பயிற்சியின்போது வலி மூன்று வரை போனால் பரவாயில்லை. மறுநாள் காலை எண் முந்தைய நாளை விட ஏறாமல் இருந்தால் கொடுத்த பாரம் சரி. ஏறியிருந்தால் அது கூடிவிட்டது; அடுத்த முறை ஒரு படி குறையுங்கள்.

ஓடும்போதே வலி தெரிந்துவிடுமே என்று நினைப்பீர்கள். உடல் சூடேறியதும் இந்த வலி அடங்கிவிடுவதுதான் சிக்கல். மூன்றாவது கிலோமீட்டரில் காலே மறந்துபோகும். மறுநாள் படியிறங்கும்போது அதற்கான விலை தெரியும். அதனால்தான் காலை நேரத்துக் கணக்கை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் இந்தக் கணக்கே பொய்யாகிவிடும். தவிரவும், வியர்த்து நீர் வற்றிய உடலில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வாசற்படியில் செய்யும் பயிற்சி

வலி மிகுந்திருக்கும் முதல் சில நாட்களில் தரையில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, இரு குதிகால்களையும் உயர்த்தி 45 விநாடி அப்படியே நில்லுங்கள். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி செய்யுங்கள். இப்படி ஐந்து முறை. பலருக்கு இதிலேயே வலி சற்றுத் தணிகிறது.

பிறகு படிக்குப் போகலாம். படியின் விளிம்பில் முன்னங்காலை மட்டும் பதித்து நில்லுங்கள்; குதிகால் வெளியே இருக்கட்டும். நல்ல காலால் உந்தி மேலே எழும்புங்கள். எழும்பியதும் உடல் எடையை வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலைப் படி மட்டத்துக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள். மனத்துக்குள் ஒன்றிலிருந்து நான்கு வரை எண்ணி முடிக்கும்போது அடி மட்டத்துக்கு வந்திருந்தால் வேகம் சரி. மேலே ஏறும்போது மறுபடி நல்ல காலைத்தான் பயன்படுத்த வேண்டும். 15 முறை செய்தால் ஒரு சுற்று. முழங்காலை நீட்டியபடி மூன்று சுற்று, சற்று மடக்கியபடி மூன்று சுற்று. காலையும் மாலையும் 12 வாரம். இறக்கும் அசைவில்தான் நாண் பலப்படுகிறது. அவசரப்பட்டுத் தொப்பென்று இறக்கினால் பயனில்லை.

வலியில்லாமல் செய்ய முடிகிறபோது பள்ளிப் பையில் அரிசியைக் கட்டி முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கிலோவில் தொடங்கி, ஐந்து கிலோவுக்கும் அதற்கு மேலும் போகலாம். காலையில் வாசல் தெளித்த ஈரம் காயுமுன் படியில் ஏறாதீர்கள். நுனிக்காலில் நிற்கும்போது வழுக்கினால் பெரிய காயமாகிவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வலி நாணின் நடுவில் இல்லாமல், அது எலும்போடு ஒட்டும் அடிப்பகுதியில் இருந்தால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. சமதரையிலேயே செய்யுங்கள். குத்துக்கால் வைத்து உட்காருவதையும், தரைமட்டக் கழிப்பறையில் நெடுநேரம் இருப்பதையும் இவர்கள் சில மாதம் தவிர்ப்பது நல்லது. பாதம் அந்த அளவு மடங்கும்போது நாண் எலும்போடு அழுந்துகிறது. வலிக்கும் இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவதும் வேண்டாம். கெண்டைச் சதையை இதமாகப் பிடித்துவிடலாம்.

தெப்பக்குளத்தைச் சுற்றி

காலை எண் மூன்றுக்குள் அடங்கி, அரை மணி நேரம் விறுவிறுவென நடக்க முடிந்தால் ஓட்டத்தைத் தொடங்கலாம். வண்டியூர் தெப்பக்குளம் இதற்கு மிகப் பொருத்தமான இடம். சுற்றி வந்தால் ஏறத்தாழ 1.2 கி.மீ.; சமதளம். எந்த இடத்தில் வலி எழுந்தாலும் வண்டி நிற்கும் இடம் பக்கத்திலேயே இருக்கும். அழகர்கோவில் சாலையில் நேராக எட்டு கிலோமீட்டர் போய்விட்டால் வலித்தாலும் திரும்பி வந்தாக வேண்டும். காயத்தில் இருக்கிறவர்கள் நீண்ட நேர்சாலையைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதல் வாரம் நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம்; இப்படி ஆறு முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும். ஓடிய பின் நாண் தேறி வர ஒரு நாளாவது வேண்டும். காலை எண் ஏறாவிட்டால் அடுத்த வாரம் மூன்று நிமிடம் நடை, இரண்டு நிமிடம் ஓட்டம். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் எட்டுப் பத்து வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடலாம். எண் ஏறினால் அதே வாரத்தை இன்னொரு முறை செய்யுங்கள்.

ஒரு நாள் வலச்சுற்றாகப் போனால் அடுத்த முறை இடச்சுற்றாகப் போங்கள். ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் ஒரு காலுக்கு மட்டும் சுமை கூடும். தைப்பூசத்தை ஒட்டித் தெப்பத் திருவிழா நடக்கும் நாட்களில் அங்கே கூட்டம் நெரியும். அப்போது ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்குப் போகலாம். நாணுக்குத் தூரத்தை விட வேகமும் மேடும்தான் அதிகச் சுமை. அதனால் வேக ஓட்டம், திருப்பரங்குன்றம் மலைப்படி இரண்டும் கடைசியில்தான்.

ஓடாத நாட்களில் நீச்சல், சைக்கிள். சைக்கிள் மிதிக்கும்போது பெடலில் பாதத்தின் நடுப்பகுதியை வையுங்கள். நுனிக்காலால் மிதித்தால் நாண் இழுபடும்.

காலணியும் வெயிலும்

தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். குதிகால் சற்று உயர்ந்த காலணி நாணின் இழுப்பைக் குறைக்கும். ஷூவுக்குள் சிறு குதிகால் அட்டை வைப்பதானால் இரண்டு காலிலும் வையுங்கள். நெடுநேரம் வெறுங்காலோடு நடக்க வேண்டிய கோவில் தரிசனத்தை ஓடாத நாளில் வைத்துக்கொள்ளலாம்.

மதுரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் முடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்புக் கரைசல் கையில் இருக்கட்டும். தாகமில்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள். இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும்.

எந்தத் தூரம், எப்போது

இங்கேதான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். நிற்காமல் அரை மணி நேரம் ஓடும் நிலைக்கு வந்த பிறகு முழு மாரத்தானுக்குக் குறைந்தது 16 வாரப் பயிற்சி வேண்டும். செப்டம்பர் நடுவில் அந்த நிலையை எட்டவில்லை என்றால் ஜனவரியில் 42 கி.மீ. என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பதிவு செய்த தூரத்தை 21 அல்லது 10 கி.மீட்டருக்கு மாற்ற அனுமதி உண்டா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். முடியாது என்றால் கட்டணம் போகட்டும். நாண் அறுந்தால் அறுவைச் சிகிச்சையும் பல மாத ஓய்வும் தேவைப்படலாம்.

நேரம் இருக்கிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம் வையுங்கள். அதை வாரம் ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூட்டி, நான்காவது வாரம் குறையுங்கள். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு 30 கி.மீ. ஓடிவிட்டு, பிறகு தூரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். படிப் பயிற்சியை மட்டும் 12 வாரம் முடிந்த பிறகும் வாரத்துக்கு மூன்று நாள் தொடருங்கள்; போட்டி வாரத்தில் அதற்கும் ஓய்வு. போட்டியன்று தொடக்கக் கோட்டில் பின்வரிசையில் நின்று, முதல் ஐந்து கிலோமீட்டரைப் பயிற்சி வேகத்தை விட மெதுவாக ஓடுங்கள். ஓடும் நடையே மாறும் அளவுக்கு வலித்தால் அடுத்த மருத்துவ உதவி முகாமில் நின்றுவிடுங்கள்.