கோவை அரை மாரத்தான்: 14-வது கிலோமீட்டரில் தெரியவரும் தவறுகள்

சென்னை, மும்பை போன்ற பெரிய ஊர் ஓட்டங்களில் கடைசி வரை முன்னும் பின்னும் ஆள் இருக்கும். கோவை அளவுள்ள ஊரில் நிலைமை வேறு. முதல் ஐந்தாறு கிலோமீட்டருக்குக் கூட்டமும் மேளமும் கைதட்டலுமாகக் களைகட்டும். 10 கி.மீ. பிரிவினர் தங்கள் வழியில் பிரிந்து போனதும் சாலை வெறிச்சோடிவிடும். 14-வது கிலோமீட்டரில் ஐம்பது மீட்டருக்கு ஒருவராக, தனியாகத்தான் ஓட வேண்டியிருக்கும். வெயிலும் அப்போதுதான் ஏறத் தொடங்கும். கூட்டத்தோடு ஓடியபோது செய்த தவறுகள் அந்த இடத்தில்தான் காலைப் பிடிக்கின்றன.

2013-இல் தொடங்கிய கோவை மாரத்தான், கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்கு நிதி திரட்டுவதற்காக நடப்பது. அதன் முக்கியப் பிரிவு 21.1 கி.மீ. அரை மாரத்தான். கீழே சொல்வதெல்லாம் அந்தத் தூரத்தை மனதில் வைத்துத்தான். மதுரை, திருச்சி, மைசூரு என்று இதே அளவுள்ள எந்த ஊரில் ஓடினாலும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் ஐந்து கிலோமீட்டர் வேகம்

இதைவிடப் பரவலான தவறு வேறில்லை. கோவையில் டிசம்பர் விடியற்காலை இதமான குளிர். சென்னையின் கசகசப்பில் பயிற்சி எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு உடம்பு இறகாக இருக்கும். சுற்றியிருப்பவர்கள் பாதிப்பேர் 10 கி.மீ. ஓடுகிறவர்கள், அவர்கள் வேகம் வேறு. அது தெரியாமல் அவர்களோடு சேர்ந்து ஓடுவதுதான் வினை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி ஆக வேண்டும். கூட்டம் இழுத்த இழுப்பில் முதல் ஐந்தையும் 5:15-இல் ஓடிவிட்டால் 2 நிமிடம் 10 விநாடி மிச்சம். ஆனால் அந்த வேகத்தில் தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து வழக்கத்தைவிட வேகமாகக் கரைகிறது, கால் தசைகளும் சீக்கிரம் ஓய்ந்துவிடுகின்றன. கடைசி ஆறு கிலோமீட்டர் 6:30-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட 5 நிமிடம் நஷ்டம்.

முதல் மூன்று கிலோமீட்டரை இலக்கைவிட 8, 10 விநாடி மெதுவாக, அதாவது 5:50-ஐ ஒட்டி ஓடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். நான்காவதிலிருந்து இலக்கு வேகம். 16-க்குப் பிறகு தெம்பு இருந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

இலக்கே தவறாக இருந்தால் இதெல்லாம் உதவாது. சமீபத்தில் முழு முயற்சியோடு ஓடிய 10 கி.மீ. நேரத்தை 2.2-ஆல் பெருக்குங்கள். 60 நிமிடத்தில் 10 கி.மீ. ஓடுகிறவருக்கு அரை மாரத்தான் 2 மணி 12 நிமிடம் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க 10 கி.மீ.-ஐ 54 நிமிடத்தை ஒட்டி முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் 16 கி.மீ.-க்கு மேல் மூன்று நான்கு லாங் ரன்னாவது (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம்) ஓடியவருக்குத்தான் இந்தக் கணக்கு. வார நாட்களில் ஐந்தைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடியவர் இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வாட்ச். ஓட்டப் பாதையை முறையாக அளக்கும்போது வளைவுகளின் உள் ஓரமாக, இருப்பதிலேயே குறுகிய கோட்டில் அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நாம் ஆட்களைத் தாண்டி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவில் வெளிப்பக்கமாகப் போய் ஓடுகிறோம். உயர்ந்த கட்டடங்கள் பக்கத்திலும் மேம்பாலத்துக்கு அடியிலும் ஜி.பி.எஸ். பிசகும். முடிவில் வாட்ச் 21.3, 21.4 என்று காட்டுவது சாதாரணம். வாட்சில் சராசரி 5:41 என்று நம்பி ஓடியவர் 2 மணி 1 நிமிடத்துக்கு மேல் வந்து, பாதையை அளந்தவர்களைக் குறை சொல்வது இதனால்தான். வாட்சில் 5:37 வரும்படி ஓடுங்கள். சாலையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போது மொத்த நேரத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டம் தொடங்கும் வாசலில் முன்வரிசைக்கு முண்டியடிப்பதிலும் பயனில்லை. உங்கள் நேரம் தொடக்கக் கோட்டில் நேரத்தைப் பதியும் விரிப்பை மிதித்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். பரிசுக்கு ஓடுகிறவர்களுக்கு மட்டுமே தொடக்க வெடிச் சத்தத்திலிருந்து கணக்கு. பேசர், அதாவது குறித்த நேரத்தில் முடிக்கும்படி சீரான வேகத்தில் ஓடிக் காட்டுபவர், பின்னால் ஓடப் போகிறீர்கள் என்றால், அவர் எந்தக் கணக்கில் ஓடுகிறார் என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். நீங்கள் அவருக்கு ஒரு நிமிடம் பின்னால் விரிப்பை மிதித்திருந்தால், அவரை எட்டிப் பிடிப்பதற்காக ஆரம்பத்திலேயே வேகத்தைக் கூட்ட வேண்டியதில்லை. அதே இடைவெளியில் ஓடினால் போதும்.

தண்ணீர்: குறைவும் ஆபத்து, அதிகமும் ஆபத்து

"தாகம் எடுப்பதற்கு முன்னாடியே குடி" என்ற பழைய அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன்படி ஒவ்வொரு மேசையிலும் இரண்டு டம்ளர் குடித்துக்கொண்டே மூன்று மணி நேரம் ஓடுகிறவருக்கு ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே அந்த வாய்ப்பு அதிகம் இருந்தது. தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, பேச்சில் தடுமாற்றம் இவை அறிகுறிகள். இதை நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப் போவதுதான் சரி.

உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஒரு எடை மிஷின் போதும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். 60 கிலோ 59.2 ஆகி, இடையில் 200 மி.லி. குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு ஒரு லிட்டர். அதை முழுக்க ஈடுகட்ட வேண்டியதில்லை. உடல் எடையில் இரண்டு சதவீதம் வரை குறைவதைப் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்வார்கள். தாகத்துக்கு ஏற்ப, மேசைக்கு நாலைந்து வாய் குடித்தால் பலருக்கும் போதுமானது.

ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசல்) கலப்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதில் பாதியை 200 மி.லி. பாட்டிலில் கொட்டிக் கலக்கினால் கரைசல் இரண்டரை மடங்கு கெட்டியாகிறது. ஓடும்போது அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கும். 200 மி.லி.-க்கான சிறு பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

மேசையில் முதல் ஆளிடமே எல்லோரும் கை நீட்டுவதால்தான் இடிபாடு. கடைசி ஆள் வரை போங்கள், அங்கே கூட்டம் இருக்காது. பேப்பர் கப்பை வாங்கியதும் வாயை அமுக்கிக் கூம்பாக்கினால் மூக்கில் ஏறாது. தலையில் ஊற்றுவதாக இருந்தால் முன்பக்கம் நன்றாகக் குனிந்து ஊற்றுங்கள். நின்றபடி ஊற்றினால் தண்ணீர் காலுறைக்குள் இறங்கி, அடுத்த மூன்று கிலோமீட்டரில் பாதத்தில் கொப்புளம்.

சாப்பாடு

கார்போ லோடிங் (ஓட்டத்துக்கு முன் உடம்பில் மாவுச்சத்தைச் சேர்த்துக்கொள்வது) என்ற பெயரில் முதல்நாள் ராத்திரி பிரியாணியை ஒரு பிடி பிடிப்பது வேண்டாம். எண்ணெயும் இறைச்சியும் செரிக்க நேரமாகும். விடியற்காலை நாலரை மணிக்கு நடமாடும் கழிப்பறை வரிசையில் நிற்கும்போது அதன் பலன் தெரியும். முதல்நாள் இரவு ஏழு, ஏழரைக்குள் சாதம், ரசம், கொஞ்சம் தயிர் போதும். கீரை, சுண்டல், பயறு வகைகளை அன்று ஒருநாள் தள்ளிவையுங்கள், நார்ச்சத்து வயிற்றை இளக்கிவிடும்.

காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ஓட்டத்துக்கு மூன்று, மூன்றரைக்கு எழுந்து ஏதாவது சாப்பிடத்தான் வேண்டும். இரண்டு இட்லியைச் சர்க்கரையோடு, அல்லது பிரெட்டும் ஜாமும், அல்லது ஒரு வாழைப்பழம். சாம்பாரும் காரச் சட்னியும் ஓட்டம் முடிந்த பிறகு. காபி தினமும் குடிக்கிறவர் குடிக்கலாம். பழக்கமில்லாதவர் அன்றைக்கு ஆரம்பிக்க வேண்டாம்.

ஓடிக்கொண்டே சாப்பிடும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் பொதுவாக 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். முதலாவதை 45-வது நிமிடத்திலும் அடுத்ததை 80, 90-லும் எடுத்தால் இரண்டரை மணி நேர ஓட்டத்துக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கும். சோர்வு வந்த பிறகு எடுத்தால் அது ரத்தத்தில் சேர்வதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். ஜெல்லோடு வெறும் தண்ணீர்தான், இனிப்பு பானம் கூடாது. கடலை மிட்டாய் நல்ல பண்டம்தான், ஆனால் மூச்சிரைக்க ஓடும்போது தொண்டையில் ஒட்டிப் புரையேறும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் அதைவிட மேல்.

வலி வரும் என்று பயந்து ஓட்டத்துக்கு முன்பே இபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீர்ச்சத்து குறைந்த உடம்பில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன, வயிற்றிலும் ரத்தக்கசிவு உண்டாக்கலாம். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்கிற அளவுக்கு வலி இருந்தால் அன்று ஓடக் கூடாது. கடந்த ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் வந்திருந்தாலும் அப்படியே. வைரஸ் காய்ச்சலின் பின்விளைவாக இதயத் தசை அழற்சி இருந்தால் கடுமையான ஓட்டம் உயிருக்கே ஆபத்து. கட்டின பணம் போனால் போகட்டும்.

பிப், ஷூ, பனியன்

பனியனில் குத்திக்கொள்ளும் எண் தாள்தான் பிப். அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் பட்டைதான் நேரத்தைப் பதிய உதவும் டைமிங் சிப். அதோடு மெல்லிய நுரை ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஈரமான உடம்போடு சிப் ஒட்டிக்கொண்டால் சிக்னல் சரியாகப் போகாது, அதைத் தடுக்கத்தான் அந்த நுரை. பிப்பை மடிக்காமல், நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி, நெஞ்சில் அல்லது வயிற்றில் முன்பக்கமாக அணியுங்கள். அதற்கு நேர் பின்னால் மொபைல் பை கட்டினாலும் நேரம் பதியாமல் போகலாம். பின்பக்கத்தில் ரத்த வகை, அவசரத் தொடர்பு எண், சாப்பிடும் மருந்துகள் எழுதுங்கள். நண்பரின் பிப்பில் ஓடும்போது மயங்கி விழுந்தால், தகவல் அவர் வீட்டுக்குப் போகும். மருத்துவர் பார்ப்பதும் அவருடைய ரத்த வகையை.

பிப் வாங்கும் இடத்தில் தள்ளுபடி விலையில் ஷூ விற்பார்கள். வாங்குங்கள், மறுநாள் போடாதீர்கள். குறைந்தது 50 கி.மீ. ஓடிய ஷூவே ஓட்டத்துக்கு. கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும். அங்கேயே தரும் பனியனுக்கும் இதே விதி. ஒருமுறை துவைத்து, ஒரு லாங் ரன் ஓடிப் பார்க்காத துணி அக்குளில் எங்கே உராயும் என்று தெரியாது. தொடையின் உள்பக்கம், அக்குள், பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் விளிம்பு, இங்கெல்லாம் வாசலின் தாராளமாகத் தடவுங்கள். ஆண்கள் மார்க்காம்பில் மைக்ரோபோர் டேப் ஒட்ட மறந்தால் வெள்ளைப் பனியனில் ரத்தக்கறையோடு படம் எடுக்க வேண்டியதுதான். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேண்டாம்.

சாலை

கோவை ரேஸ்கோர்ஸ் பகுதியின் வட்ட நடைபாதையிலேயே எப்போதும் ஒரே திசையில் சுற்றிப் பயிற்சி எடுத்தவர்களுக்கு, தார்ச்சாலையின் ஓரச் சரிவும் பாலத்தின் ஏற்றமும் புதிது. மாதத்துக்கு இரண்டு லாங் ரன்னாவது நீண்ட நேர்ச்சாலையில், ஏற்றம் உள்ள இடத்தில் வையுங்கள். ஏற்றத்தில் வேகத்தைக் காப்பாற்றப் பார்க்காமல் மூச்சின் அளவைக் காப்பாற்றுங்கள்.

இருட்டில் ஓடும் முதல் அரை மணி நேரத்தில் வேகத்தடை, நடுத் தடுப்பின் முனை, காலி கப் ஆகியவற்றில்தான் கால் பிசகும். ஓட்டத்தின் பிற்பகுதியில் வேறு தொல்லை. 5 கி.மீ. நடப்பவர்கள் கைகோத்துச் சாலையை அடைத்து வருவார்கள். போக்குவரத்தும் பகுதி பகுதியாகத் திறக்கும். காதில் இரண்டு இயர்ஃபோனும் மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்காது.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் நின்று, பாதத்தை மேல்நோக்கி மடக்கி அரை நிமிடம் நீட்டுங்கள். காரணம் பெரும்பாலும் தசையின் களைப்பு. உப்புத் தண்ணீர் மட்டும் குடித்தால் தீராது. ஸ்ப்ரே அடித்தால் வலி மரத்துப்போகும், தசை அப்படியேதான் இருக்கும். மீதித் தூரத்தை மெதுவாக ஓடுங்கள். நெஞ்சு இறுக்கம், தாடைக்கும் கைக்கும் பரவும் வலி, தலைசுற்றல் என்றால் எத்தனை கிலோமீட்டர் பாக்கி இருந்தாலும் அங்கேயே நில்லுங்கள்.

கோட்டைத் தாண்டியதும்

மெடல் கழுத்தில் விழுந்தவுடன் அப்படியே நிற்கக் கூடாது. அதுவரை கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். பத்து நிமிடம் நடங்கள். அப்படி மயங்கி விழுந்தவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சில நிமிடத்தில் தெளிந்துவிடுவார். தெளியாமல் உளறினால், உடம்பு கொதித்தால் அது வெப்பத் தாக்கம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு உடனே ஐஸ் தண்ணீரால் உடம்பைக் குளிர்விக்க வேண்டும்.

ஈரப் பனியனை மாற்றிவிட்டுப் பொங்கல் வரிசைக்குப் போங்கள். காரில் வெளியூர் திரும்புகிறவர்கள் மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். அன்றே அழுத்தி மசாஜ் செய்துகொண்டால் தசை இழைகளின் நுண்கிழிசல்கள் மோசமாகலாம், இரண்டு நாள் பொறுங்கள். மறுநாள் படி இறங்கும்போது தொடை வலிப்பது இயல்பு, நான்கைந்து நாளில் சரியாகிவிடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.