துடிப்பை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி: 'த்ராப்', 'பல்ஸ்', 'பீட்' ஆகியவற்றின் பயன்பாடு

தமிழில் 'துடி' என்ற ஒரே வினை நெஞ்சுக்கும் கண்ணிமைக்கும் உதட்டுக்கும், கரையில் விழுந்த மீனுக்கும், வலி பொறுக்காத மனிதனுக்கும் பொருந்திவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த வசதியே இடறலாகிறது. அகராதியில் முதலில் கண்ணில் படும் 'த்ராப்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் வைத்தால் வாக்கியங்கள் விபரீதமாகிவிடும். ஆகவே துடிப்பது எது, அது சீரான தாளத்தில் துடிக்கிறதா, அதில் வலி உண்டா என்று பார்த்த பிறகே சொல்லைத் தேட வேண்டும்.

முதலில், தாளம் இல்லாத துடிப்புகளை விலக்கிவிடலாம். கண் துடித்தால் ஆங்கிலத்தில் அது 'ட்விச்'. அழுகையை அடக்கும் உதடு துடித்தால் 'க்விவர்'. வலியால் ஒருவர் துடித்தால் 'ரைத்'. துடிப்பான இளைஞர் என்பதற்கு 'எனர்ஜெடிக்' போதும். அவரை 'த்ராபிங்' என்று வர்ணித்தால், படிப்பவர் அவருக்கு எங்கோ வீங்கியிருப்பதாகத்தான் நினைப்பார்.

இதயத்தைப் பொறுத்தவரை 'பீட்' என்பதே நடுநிலையான, எங்கும் பொருந்துகிற சொல். ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதரின் இதயம் பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது என்று எழுதும்போது வேறு எந்தச் சொல்லும் தேவையில்லை. மாடிப்படி ஏறி வந்ததாலோ அச்சத்தாலோ நெஞ்சு திக் திக்கென்று அடித்துக்கொண்டால் 'பவுண்ட்' என்றும், பரபரப்பில் இலேசாகப் படபடத்தால் 'ஃப்ளட்டர்' என்றும் எழுதலாம். 'பால்பிடேட்' என்ற வினை கதைகளில் சற்று மிகையாக ஒலிக்கும். அதை எழுதாமல் விடுவதே நல்லது. ஆனால் தம் இதயத் துடிப்பைத் தாமே உணரும் நிலையை மருத்துவரிடம் சொல்லும்போது 'பால்பிடேஷன்ஸ்' என்ற பன்மைப் பெயர்ச்சொல்தான் வழக்கு.

'த்ராப்' என்ற சொல்லின் சொந்த வீடு வலி. சீழ் கோத்த விரலும் சொத்தைப் பல்லும் விண்விண்ணென்று தெறிக்கின்றனவே, அந்த ஏறி இறங்கும் வலிக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் இல்லை. தலைவலியில் இந்த வேறுபாட்டுக்கு மருத்துவ மதிப்பே உண்டு. மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியை அடையாளம் காணும் பண்புகளில் துடிக்கும் தன்மையும் ஒன்று. மன இறுக்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் 'டென்ஷன்' வகைத் தலைவலியோ, தலையைச் சுற்றிப் பட்டை கட்டி அழுத்துவதுபோல், பெரும்பாலும் துடிப்பின்றி இருக்கும். எனவே அழுத்துகிற வலியை 'த்ராபிங் ஹெடேக்' என்று சொல்வது வெறும் மொழிப்பிழையாக நின்றுவிடாது, கேட்கும் மருத்துவரின் எண்ணத்தையும் திசைதிருப்பக்கூடும். குத்தும் வலிக்கு 'ஸ்டாபிங்', மந்தமாக நீடிக்கும் வலிக்கு 'டல் ஏக்' என்ற சொற்கள் உள்ளன.

வலிக்கு வெளியே, கப்பல் எஞ்சினின் கனத்த ஒலி, தொலைவில் முழங்கும் முரசு போன்ற தாழ்ந்த, அழுத்தமான அதிர்வுகளுக்கும் 'த்ராப்' பொருந்தும். காரணத்தைச் சேர்க்கும்போது 'வித்' என்ற முன்னிடைச்சொல் வரும். 'இங்' சேரும்போது சொல்லின் இறுதியிலுள்ள 'பி' (b) எழுத்து இரட்டிக்கும். 'ஹார்ட்த்ராப்' என்று சேர்த்து எழுதினால் அது இரசிகைகளின் உள்ளம் கவர்ந்த நடிகரையோ பாடகரையோ குறிக்கும் என்பதால், இதயநோய் பற்றிய கட்டுரையில் அதற்கு இடமில்லை.

'பல்ஸ்' பெயர்ச்சொல்லாக வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கும் நாடி. கட்டைவிரலுக்குத் தன் துடிப்பு உண்டு என்பதால் மற்ற விரல்களால் பார்க்க வேண்டும் என்பது செவிலியர்கள் கற்கும் பாடம். ஒருவருடைய நாடியைக் குறிக்கும்போது ஒருமையே வழக்கு. 'பல்சஸ்' என்ற பன்மையைக் கேட்டதும் பலருக்குத் துவரையும் உளுந்தும்தான் நினைவுக்கு வரும். ஐக்கிய நாடுகள் அவை 2016-ஆம் ஆண்டை அப்பெயரில் அறிவித்தது பருப்பு வகைகளுக்காகத்தான். இரண்டும் இலத்தீனில் வெவ்வேறு சொற்களிலிருந்து வந்தவை: ஒன்று தள்ளுதல், அடித்தல் என்ற பொருளுடையது, மற்றது கஞ்சி.

வினையாக வரும்போது 'பல்ஸ்' விட்டுவிட்டு வரும் ஒளிக்கும் மின்னோட்டத்துக்கும், மிக்சியை விட்டுவிட்டு ஓட்டுவதற்கும் பொருந்தும். 'பல்சேட்' விரிந்து சுருங்குவதைச் சொல்வது. செபீட் வகை விண்மீன்கள் உண்மையிலேயே அப்படித் துடிக்கின்றன. 1967-இல் வானியலாளர் ஜோசலின் பெல் கண்டறிந்த 'பல்சார்' என்ற விண்மீன் வகையோ, பெயரில் துடிப்பைத் தாங்கியிருந்தும், கலங்கரை விளக்கம்போல் சுழல்வதால்தான் விட்டுவிட்டுத் தெரிகிறது.

'நாடி பிடித்துப் பார்ப்பது' என்ற நம் மரபுத்தொடருக்கு நேரான ஆங்கில வழக்கு 'டேக் த பல்ஸ்'. மக்களின் மனநிலையை ஒருமுறை அறிந்துகொள்வதை அது குறிக்கும். 'ஃபிங்கர் ஆன் த பல்ஸ்' என்பது வேறு. ஒரு துறையின் அன்றாட நிலவரத்தை விடாமல் அறிந்து வைத்திருப்பவரைப் பற்றி மட்டுமே அதை எழுத வேண்டும். தேர்தலுக்கு முன் ஒரு தொகுதிக்கு ஒருநாள் போய் வந்த நிருபரைப் பற்றி அப்படி எழுதக் கூடாது.