கூட்டத்தில் பேசும் பயம்: எனக்கு உதவிய குழு சிகிச்சை

நாலு பேர் முன்னால் வாய் திறந்தாலே குரல் நடுங்கும் ஆள் நான். முதலில் சேர்ந்தது ஆதரவுக் குழு. மனதில் உள்ளதைக் கொட்டலாம், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆறுதல்தான், வெளியே வந்தால் அதே பயம்.

அப்புறம் அறிவாற்றல் நடத்தைக் குழு சிகிச்சைக்கு மாறினேன்; பயமூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் சோதித்து மாற்றப் பழக்கும் சிகிச்சை அது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ஹெய்ம்பெர்க் 1980களில் உருவாக்கிய முறை. வழக்கமாக 12 வாரம், ஆறு பேர் அளவில், இரண்டு சிகிச்சையாளர்கள். எதற்குப் பயப்படுகிறோமோ அதைக் குழுவுக்குள்ளேயே நடித்துப் பார்க்க வேண்டும். "குரல் நடுங்கும், சிரிப்பார்கள்" என்று முன்கூட்டியே எழுதி வைத்தேன். பேசி முடித்து மற்றவர்களைக் கேட்டால், பாதிப் பேர் நடுக்கத்தைக் கவனிக்கவே இல்லை! வீடியோவைப் போட்டுக் காட்டியபோது எனக்கே நம்ப முடியவில்லை. கையை மறைப்பது, ஒவ்வொரு வரியையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவது மாதிரியான தற்காப்புப் பழக்கங்களை விட்டதுதான் பெரிய திருப்பம்.

வரும் எண்ணங்களை அப்படியே ஏற்றுக்கொள்வதை அடிப்படையாகக் கொண்ட குழுவிலும் சில காலம் இருந்தேன். அங்கே எண்ணத்தோடு வாதாடுவதில்லை. அது பாட்டுக்கு வரட்டும், நீங்கள் பேசுங்கள் என்பார்கள். நடந்ததையே இரவெல்லாம் அசைபோடும் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து. ஆனாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், ஒத்திகையும் வீட்டுப்பாடமும் உள்ள அறிவாற்றல் நடத்தைக் குழுவையே சொல்வேன். குழுவுக்குள் நுழையவே முடியாத பயமென்றால், முதலில் தனிச் சிகிச்சை சரி.