மாசி வீதி வீட்டிற்குக் கம்பியில்லா இணையம்

மதுரை மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளின் சுவர்கள் தடிமனானவை என்பதால், 5ஜி வழியே வரும் வீட்டு இணையத்திற்கு கோபுரத்தின் அலையைப் பெறும் வெளிக்கருவியை மொட்டைமாடியில் பொருத்துவதே நல்லது. பொருத்துவதற்கு முன், இணைப்பு தரும் நிறுவனத்தின் 5ஜி சிம் உள்ள கைபேசியால் மாடியின் நான்கு மூலைகளிலும், காலையில் ஒருமுறையும் இரவு 9 மணிக்கு ஒருமுறையும் வேகத்தைச் சோதித்து, நல்ல வேகம் கிடைத்து, அலைபேசிக் கோபுரமும் மறைவின்றித் தெரியும் மூலையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூட அலையைத் தடுக்கும். நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தச் சோதனையைத்தான்.

வீட்டிற்குள் வைஃபை தரும் ரூட்டரை இரும்பு பீரோவின் அருகில் வைக்காமல், வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது என்றாலும், சுவரைத் தாண்டும்போது 2.4 கிகாஹெர்ட்ஸைவிட அதிகம் வலுவிழக்கும். ஆகவே பின்கட்டு அறைகளுக்கு 2.4 போதும். மாடிக் கருவிக்கும் மின்சாரம் தேவை என்பதால், இரண்டையும் இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.