காற்றில் விழுந்த ஆர்க்கிட்டை மறுபடி மரமேற்றுவது எப்படி?

தென்மேற்குப் பருவக்காற்று வலுத்ததும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பூங்காக்களில் கிளைகள் முறிந்து விழும். வாண்டா, நரிவால் ஆர்க்கிட், டென்ட்ரோபியம் என்று மரத்தில் தொற்றி வளர்பவையும் கூடவே தரைக்கு வந்துவிடும். அப்படியே கிடந்தால் ஈரத்தில் அழுகிப் போகும். ஆர்க்கிட் விதை தூசி போல இருக்கும். அதில் உணவுச் சேமிப்பு கிடையாது, பூஞ்சையின் துணையில்லாமல் காட்டில் முளைக்காது. முளைத்ததும் பூக்கும் பருவத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் விழுந்த ஒவ்வொரு வளர்ந்த செடியையும் காப்பாற்றியே ஆக வேண்டும்.

வனப்பகுதியில் விழுந்த கிளையைத் தொடவும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் பேச்சே வேண்டாம்.

செடியைக் கிளையிலிருந்து பிய்க்காதீர்கள். வேர் பட்டையோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் பச்சை நுனிதான் முதலில் ஒடியும். நுனி போன வேர் அதற்குமேல் நீளாது, பக்க வேர் விட வாரக்கணக்கில் ஆகும். வேர் பரவிய இடத்துக்கு இருபுறமும் ஒரு சாண் விட்டுக் கிளையையே ரம்பத்தால் அறுத்து, துண்டோடு எடுங்கள். விரலால் அழுத்தினால் கொழகொழவென்று நசுங்கி, உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சும் வேர்களை வெட்டிவிடலாம். ஒவ்வொரு செடிக்கும் முன்னால் கத்தரியைத் தீயில் காட்டுங்கள். வைரஸ் வெட்டுவாய் வழியாக எளிதில் பரவும். இலையில்லாத டென்ட்ரோபியம் தண்டைக் காய்ந்தது என்று எறிந்துவிடுவார்கள். வேண்டாம், பல இனங்கள் கோடையில் இலையுதிர்த்துத் தண்டிலேயே நீரும் உணவும் வைத்திருக்கும்.

மரத்தைத் தேர்வதில் அவசரப்படாதீர்கள். விழுந்த இனமே ஏற்கெனவே வளரும் மரம் பக்கத்தில் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லையென்றால் மா, பலா போன்ற சொரசொரப்பான பட்டை நல்லது. கொய்யா, யூகலிப்டஸ், மருது மூன்றும் பட்டை உரிப்பவை. பிடித்த வேரும் சேர்ந்து விழும். காலை வெயில் படுகிற பக்கமாக, ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

கட்டுவதற்குப் பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத்தில் கிழித்த பட்டையோ தேங்காய் நார்க் கயிறோ போதும். வேர் பிடித்த பிறகு இவை தாமாக இற்றுவிடும். செம்புக் கம்பி வேருக்கு நஞ்சு. நைலான் கயிறு மரத்தை இறுக்கி வெட்டும். துண்டு ஆடக் கூடாது. ஆடினால் புதிய நுனி பட்டையில் உரசித் தேய்ந்துபோகும், செடி பிழைக்காமல் போக முக்கியக் காரணம் இதுதான். அறுத்த துண்டு நாளடைவில் மட்கிவிடும் என்பதால் வளரும் வேர் நுனிகள் உயிர்மரத்தின் பட்டையைத் தொடும்படி திருப்பி வையுங்கள். வாண்டா, நரிவால் இரண்டுக்கும் குருத்து பக்கவாட்டில் சாய்ந்திருக்கட்டும். குருத்தில் மழைநீர் தேங்கினால் அழுகல் வரும். பாசியை மூட்டையாகச் சுற்றுவதும் வேரைத்தான் அழுகவைக்கும்.

மழை விட்ட நாட்களில், முதல் இரண்டு மாதம், காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். வெள்ளி நிற வேர் நனைந்ததும் பச்சையாக மாறினால் அது உயிரோடு இருக்கிறது. இலை சுருங்கினால் வேர் இன்னும் பிடிக்கவில்லை; தெளிப்பை இரண்டு வேளையாக்குங்கள். அடியிலை ஒன்று மஞ்சளானால் பயமில்லை. குருத்து பழுப்பாகி நாறினால் செடி தப்புவது அரிது. உரம் தேவையில்லை. நத்தை வேர் நுனியைத் தின்னும், இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கிவிடுங்கள்.

மரம் சுத்தம் செய்ய வருபவர்களிடம் இது புல்லுருவி இல்லை, மரத்தின் சாற்றை உறிஞ்சாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எண் எழுதிய தகரத்தை ஆணியடிக்காமல் கட்டித் தொங்கவிட்டால் அவர்களுக்கும் அடையாளம் தெரியும்.

தரையில் வளரும் ஹேபனேரியா ஆர்க்கிட் வகைகளை இடம் மாற்ற வேண்டாம். கிழங்கு புதிய மண்ணில் பெரும்பாலும் பிழைக்காது. சுற்றிலும் குச்சி நட்டு, காய் வெடித்து விதை பறக்கும்வரை அங்கே புல் வெட்டாமல் விடுங்கள். பூவைப் படமெடுத்துப் பகிர்ந்தால் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள், திருடர்களும் அதே படங்களைத்தான் பார்க்கிறார்கள்.