மேற்கை எலும்பு முறிவு அறுவை சிகிச்சைக்குப் பின் தோளை மீட்கும் முறை

மேற்கை எலும்பு முறிவுக்குத் தகடும் திருகுகளும் பொருத்திய பின், எலும்பு ஒன்றுசேரப் பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்கள் ஆகும். தோள்மூட்டும் கையின் மற்ற மூட்டுகளும் இறுகிப்போக அவ்வளவு காலம் தேவையில்லை. ஆகவே, மருத்துவர் தடை சொல்லாத வரை விரல்களையும் மணிக்கட்டையும் முழங்கையையும் முதல் நாளிலிருந்தே அசைத்து வர வேண்டும்.

தோளை எப்போது அசைக்கத் தொடங்குவது என்பதை, எலும்பு எவ்வளவு உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து அறுவை சிகிச்சை நிபுணரே முடிவு செய்வார். அவர் அனுமதித்ததும் பெரும்பாலும் முதலில் வருவது ஊசல் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, ஸ்லிங்கிலிருந்து (கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் பட்டை) எடுத்த கையைக் கயிற்றில் கட்டிய குண்டு போலத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். உடலை மெல்ல ஆட்டினால் கை தானாகவே சிறு வட்டமிடும். பலர் அவசரப்பட்டுக் கையையே சுழற்றுகிறார்கள். அப்போது தோள்தசை இறுகுவதால் பயிற்சியின் நோக்கமே கெட்டுவிடுகிறது.

பின்னர் மல்லாந்து படுத்து, நல்ல கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தலைப்பக்கமாக உயர்த்தலாம். லேசாக இழுப்பது போலிருந்தால் பாதகமில்லை. குத்தும் வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். ரப்பர் பட்டையும் எடையும் எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தது தெரிந்த பிறகே.

சட்டை அணியும்போது அறுவை செய்த கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியாக எடுங்கள். இரவில் முதுகைச் சற்று உயர்த்திச் சாய்ந்து, முழங்கைக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது வலியைக் குறைக்கும்.

காயத்தில் சீழ், காய்ச்சல், விரல்களில் புதிதாக மரத்துப்போதல், மணிக்கட்டை மேலே தூக்க முடியாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் மருத்துவரை உடனே அணுக வேண்டும்.